ஆளைத் திருப்பி அனுப்பு: ஒரே உளவுத்துறை, இரண்டு கடத்தல்கள், இரண்டு பதில்கள்

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன்.

ஒரு நாட்டில் ஆட்சியை எதிர்த்துப் பேசுகிற ஒருவர் இருக்கிறார். சொந்த ஊரில் இருந்தால் ஜெயில், இல்லாவிட்டால் அதைவிட மோசம். அதனால் வேறொரு நாட்டில் போய்த் தங்கியிருக்கிறார். அவருடைய அரசு அங்கேயும் ஆள் அனுப்பி, மயக்க மருந்து கொடுத்து, கப்பலிலோ விமானத்திலோ ஏற்றி அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. இப்போ, அவர் தங்கியிருந்த நாட்டு அரசு என்ன செய்யணும்?

கண்டன அறிக்கை விடுவது, தூதரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பது, இதெல்லாம் எல்லா அரசும் முதல் நாளே செய்துவிடும். நான் கேக்கிறது அதுக்கு அப்புறம் வர்ற நாட்களைப் பத்தி. கடத்தின நாட்டோட வியாபாரம் இருக்கும், கூட்டணி இருக்கும், கொடுத்த கடன் இருக்கும். ஒரு தனி மனுஷனுக்காக அதையெல்லாம் எவ்வளவு தூரம் பணயம் வைக்கலாம்? வச்சா பலன் இருக்குமா?

பொதுவா இந்த மாதிரிக் கேள்விக்கு வரலாற்றில் நேரான பதில் கிடைக்காது. ஒவ்வொரு சம்பவமும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், ஒப்பிடவே முடியாது. ஆனா இந்த விஷயத்துல நமக்கு ஒரு அபூர்வமான ஜோடி கிடைச்சிருக்கு. ஒரே சர்வாதிகாரி. ஒரே உளவுத்துறை. ஆறு வருட இடைவெளியில் இரண்டு பணக்கார ஜனநாயக நாடுகளுக்குள் புகுந்து ஆட்களைக் கடத்தினார்கள். ஒரு நாடு ஆட்களைத் திரும்ப வாங்கியது. இன்னொரு நாடு ஒரு வருத்தக் கடிதத்தை வாங்கியது.

அந்தச் சர்வாதிகாரி தென் கொரியாவின் பார்க் சுங் ஹீ. கே-டிராமா, பி.டி.எஸ். வழியா தென் கொரியாவைத் தெரிஞ்சுக்கிட்டவங்களுக்கு இது கொஞ்சம் வேற கொரியா.

1967: மேற்கு ஜெர்மனி

1961 மே மாதம் ராணுவப் புரட்சி நடத்தி ஆட்சிக்கு வந்தவர் பார்க். வந்த கொஞ்ச நாளிலேயே கே.சி.ஐ.ஏ. என்ற கொரிய மத்திய உளவு நிறுவனம் தொடங்கப்பட்டது. பெயரைக் கேட்டால் வெளிநாட்டு உளவு மாதிரி இருக்கும். வேலையில் பெரும்பகுதி உள்நாட்டு எதிரிகளைக் கண்காணிப்பது, பிடிப்பது, அடிப்பது.

அன்றைய தென் கொரியா ஏழை நாடு. அந்நியச் செலாவணிக்காகத் தன் மக்களையே வெளிநாட்டு வேலைக்கு அனுப்பியது. 1963 முதல் கொரிய இளைஞர்கள் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். பின்னாலேயே ஆயிரக்கணக்கான நர்ஸ்களும் போனார்கள். மாணவர்களும் கலைஞர்களும் அங்கே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் இசாங் யுன். ஐரோப்பாவின் நவீன இசை உலகில் பெயர் வாங்கிக்கொண்டிருந்த இசையமைப்பாளர், மேற்கு பெர்லினில் குடும்பத்தோடு வசித்தவர்.

1967 ஜூன் மாதம் தென் கொரியாவில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. பெரிய அளவில் முறைகேடு என்று மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதே மாதம் மேற்கு ஜெர்மனியில் கொரியர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். பொய்க் காரணம் சொல்லித் தூதரகத்துக்கு வரவழைப்பது, மிரட்டுவது, அங்கிருந்து விமானத்தில் சியோலுக்குக் கொண்டுபோவது, இதுதான் முறை. மேற்கு ஜெர்மனியிலிருந்து மட்டும் சுமார் 17 பேர். பாரிஸில் இருந்த ஓவியர் லீ உங்னோவையும் இதே மாதிரி வரவழைத்துப் பிடித்தார்கள். இசாங் யுன்னின் மனைவியும் தப்பவில்லை.

ஜூலை 8-ஆம் தேதி கே.சி.ஐ.ஏ. அறிவித்தது: கிழக்கு பெர்லினில் இருக்கும் வட கொரியத் தூதரகத்தோடு தொடர்பு வைத்திருந்த பெரிய உளவாளிக் கும்பலைப் பிடித்துவிட்டோம். தேர்தல் முறைகேடு பற்றிய செய்தி பின்னால் போய்விட்டது.

இங்கே ஒண்ணு சொல்லியாகணும். குற்றச்சாட்டு முழுக்கக் கற்பனை இல்ல. சிலர் கிழக்கு பெர்லினில் வட கொரியர்களைச் சந்தித்தது உண்மை. இசாங் யுன் 1963-ல் வட கொரியாவுக்கே போய் வந்திருந்தார். அந்தக் காலத் தென் கொரியச் சட்டப்படி அது குற்றம். ஆனா, பிரிஞ்ச நாட்டின் அந்தப் பக்கம் போய் வர்றதுக்கும் உளவு பார்க்கிறதுக்கும் நடுவுல பெரிய தூரம் இருக்கு. 2006-ல் தென் கொரிய உளவுத்துறையே அமைத்த உண்மை கண்டறியும் குழு, அந்த வழக்கு ஊதிப் பெரிதாக்கப்பட்டது என்றும், கடத்தலுக்கும் சித்திரவதைக்கும் அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சொன்னது.

சரி, மேற்கு ஜெர்மனி என்ன செய்தது?

ஆரம்பத்தில் தடுமாற்றம்தான். தென் கொரியா கம்யூனிச எதிர்ப்பு அணியில் இருந்த நட்பு நாடு, தன்னைப் போலவே இரண்டாகப் பிரிந்த நாடு. சத்தம் போடாமல் முடித்துவிடலாம் என்று நினைத்தவர்கள் பான் நகரத்து அமைச்சகங்களில் இருந்தார்கள். ஆனால் பத்திரிகைகள் விடவில்லை, மாணவர்கள் விடவில்லை, இசை உலகம் விடவில்லை. ஸ்ட்ராவின்ஸ்கி, காராயன் மாதிரியான பெரிய பெயர்கள் உட்பட 200 பேருக்கு நெருக்கமான கலைஞர்கள் இசாங் யுன்னை விடுவிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அரசாங்கம் கொரியத் தூதரக அதிகாரிகள் சிலரை வெளியேறச் சொன்னது. அதோடு நின்றிருந்தால் நான் இந்தக் கதையையே சொல்லியிருக்க மாட்டேன். பான் ஒரு கோரிக்கையை வைத்தது: எங்கள் மண்ணிலிருந்து கொண்டுபோனவர்களைத் திருப்பி அனுப்புங்கள். பொருளாதார உதவியையும் அதோடு சேர்த்துப் பேசியது. சியோலுக்கு அந்த உதவி மிக முக்கியம். விசாரணையைப் பார்க்க ஆள் அனுப்பியது.

உடனே எதுவும் நடக்கவில்லை. 1967 டிசம்பரில் இசாங் யுன்னுக்கு ஆயுள் தண்டனை. சிலருக்கு மரண தண்டனை. மேல்முறையீட்டில் அவருடைய தண்டனை 15 ஆண்டு ஆனது, பிறகு 10 ஆண்டு ஆனது. சிறையிலேயே ஓர் ஓபரா எழுதி முடித்தார். 'பட்டாம்பூச்சியின் விதவை' என்ற அந்தப் படைப்பு 1969-ல் நியூரம்பெர்க் நகரில் மேடையேறியது. சிறையில் இருந்த ஓவியர் லீ உங்னோ, சாயம் கிடைக்காமல் சோயா சாஸை வைத்து வரைந்தார்.

1969 பிப்ரவரியில் விடுதலையான இசாங் யுன், பிறகு ஜெர்மனிக்குத் திரும்பினார். 1970-க்குள் மரண தண்டனை பெற்றவர்கள் உட்பட எல்லோரும் வெளியே வந்தார்கள். யாரும் தூக்கில் தொங்கவில்லை.

இதுல கவனிக்க வேண்டியது, சியோல் தோத்துப்போச்சுன்னு ஜெர்மனி சொல்ல வைக்கல. நீதிமன்றம் தண்டனை கொடுத்தது, அதற்குப் பிறகு அரசு கருணை காட்டி விடுதலை செய்தது என்ற வடிவத்தில்தான் எல்லாம் முடிந்தது. "நீ உன் முகத்தைக் காப்பாத்திக்கோ, ஆளை மட்டும் கொடுத்துடு" என்பதுதான் பேரத்தின் சாரம். கொடுத்த விட்டுக்கொடுப்பு எல்லாம் மரியாதை சம்பந்தப்பட்டது. ஆள் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை.

1973: டோக்கியோ

ஆறு வருடம் கழித்து வருவோம். இடையில் பார்க் சுங் ஹீக்கு ஒரு பயம் வந்திருந்தது. அந்தப் பயத்தின் பெயர் கிம் டே ஜங். 1971 அதிபர் தேர்தலில் பார்க்கை எதிர்த்து நின்று சுமார் 45 சதவீதம் ஓட்டு வாங்கிய எதிர்க்கட்சிக்காரர். ஆட்சி இயந்திரம் முழுக்க எதிர்ப்பக்கம் இருந்தும் அவ்வளவு ஓட்டு. அடுத்த வருடம், 1972 அக்டோபரில், பார்க் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். நாடாளுமன்றத்தைக் கலைத்து, காலவரையின்றி ஆளத் தோதாக ஒரு புது அரசியல் சட்டம் கொண்டுவந்தார். சிகிச்சைக்காக அப்போது ஜப்பானில் இருந்த கிம், ஊருக்குத் திரும்பவில்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சுற்றி, பார்க்குக்கு எதிராகப் பேச ஆரம்பித்தார்.

1973 ஆகஸ்ட் 8. டோக்கியோவில் கிராண்ட் பேலஸ் ஹோட்டல், 22-வது மாடி. இன்னொரு கொரிய அரசியல்வாதியைச் சந்தித்துவிட்டு மதியம் ஒரு மணிக்கு மேல் கிம் வெளியே வருகிறார். காரிடாரில் சிலர் பாய்ந்து பக்கத்து அறைக்குள் இழுத்துப் போகிறார்கள். மயக்க மருந்து. லிஃப்ட்டில் கீழே இறக்கி, காரில் ஏற்றி, ஒசாகா பக்கம் கொண்டுபோய், அங்கிருந்து கப்பல். கண்ணைக் கட்டி, கை கால்களைக் கட்டி, உடம்பில் கனமான பொருளைக் கட்டியதாகவும், கடலில் தூக்கிப் போடப்போகிறார்கள் என்று புரிந்து பிரார்த்தனை செய்ததாகவும், அந்த நேரத்தில் மேலே ஒரு விமானம் வந்த சத்தம் கேட்டதாகவும் பின்னாளில் அவர் சொன்னார். ஆகஸ்ட் 13 இரவு, சியோலில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் இறக்கிவிடப்பட்டார்.

அவர் உயிரோடு வந்ததில் சியோலில் இருந்த அமெரிக்கத் தூதர் பிலிப் ஹபீப்புக்குப் பெரிய பங்கு உண்டு. செய்தி கிடைத்ததும், இது யார் வேலை என்று ஊகித்து, கிம் உயிரோடு இருக்க வேண்டும் என்று தென் கொரிய அரசிடம் அழுத்தமாகச் சொன்னார். முதல் சில மணி நேரத்தில் வந்த அழுத்தம் அது. கவனிங்க, அது வந்தது கடத்தல் நடந்த நாட்டுகிட்ட இருந்து இல்ல.

ஜப்பான் போலீஸ் தன் வேலையை நன்றாகவே செய்தது. ஹோட்டல் அறையில் கைரேகை கிடைத்தது. தென் கொரியத் தூதரகத்தின் முதன்மைச் செயலாளர் கிம் டாங் உன் என்பவருடையது. விசாரணைக்கு அனுப்பச் சொல்லி ஜப்பான் கேட்டது. தென் கொரியா மறுத்தது. கையில் கைரேகை இருக்கு, ஆள் இல்லை.

ஜப்பானிடம் அழுத்தம் கொடுக்க வழி இல்லாமல் இல்லை. 1965-ல் இரு நாடும் உறவைச் சீர்ப்படுத்திய ஒப்பந்தத்தின்படி, 30 கோடி டாலர் மானியமும் 20 கோடி டாலர் கடனும் ஜப்பான் கொடுக்க ஒத்துக்கொண்டிருந்தது. தென் கொரியாவின் தொழில் வளர்ச்சிக்கு அந்தப் பணம் அடித்தளம். ஜப்பானில் பத்திரிகைகளும் எதிர்க்கட்சிகளும் கோபத்தில் இருந்தன. கிம்மைத் திரும்ப ஜப்பானுக்குக் கொண்டுவந்து பழைய நிலையை மீட்க வேண்டும் என்ற கோரிக்கை வலுவாகவே எழுந்தது.

நடந்தது வேறு. 1973 நவம்பர் 2-ஆம் தேதி தென் கொரியப் பிரதமர் கிம் ஜோங் பில் டோக்கியோ வந்தார். கே.சி.ஐ.ஏ.வை 1961-ல் தொடங்கியவரே இவர்தான். ஜப்பான் பிரதமர் டனாகாவிடம் பார்க்கின் கடிதத்தைக் கொடுத்து வருத்தம் தெரிவித்தார். கைரேகை அதிகாரியைப் பதவியில் இருந்து எடுப்போம் என்றார்கள். கிம் டே ஜங் இனி சாதாரணக் குடிமகன் மாதிரி சுதந்திரமாக இருக்கலாம் என்றார்கள். வெளிநாட்டில் அவர் செய்த காரியங்களுக்காக வழக்குப் போட மாட்டோம் என்ற புரிதலும் இருந்தது. இதை "அரசியல் தீர்வு" என்று அழைத்தார்கள். விவகாரம் முடிந்தது, பொருளாதாரப் பேச்சுவார்த்தைகள் தொடர்ந்தன. 1975-ல் இரண்டாவது முறையும் ஓர் அரசியல் தீர்வு. கைரேகை அதிகாரி மீது வழக்குப் போட ஆதாரம் போதவில்லை என்று தென் கொரியா சொன்னது, ஜப்பான் அதை ஏற்றுக்கொண்டது.

அந்தத் தீர்வுக்கு யார் விலை கொடுத்தது?

கிம் டே ஜங்குக்கு என்ன ஆச்சுன்னு பார்ப்போம். "சுதந்திரக் குடிமகன்" வீட்டைச் சுற்றிப் போலீஸ். பாஸ்போர்ட் கிடையாது. 1976 மார்ச் 1-ஆம் தேதி சியோல் மியோங்டாங் தேவாலயத்தில் ஜனநாயகத்தைக் கோரி வெளியிட்ட அறிக்கையில் கையெழுத்துப் போட்டதற்காகக் கைது, 5 ஆண்டு சிறைத் தண்டனை. 1978 டிசம்பரில் வெளியே வந்ததும் மறுபடி வீட்டுக்காவல். 1979 அக்டோபரில் பார்க் சுங் ஹீயைச் சுட்டுக் கொன்றது அவருடைய கே.சி.ஐ.ஏ. தலைவரே. கொஞ்ச காலம் கதவு திறந்தது. 1980 மே மாதம் அடுத்த ராணுவத் தளபதி சுன் டூ ஹ்வான் அதிகாரத்தை முழுசாகப் பிடித்ததும் கிம் மறுபடி கைது.

1980 செப்டம்பரில் அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். மரண தண்டனைக்கு அடிப்படையா இருந்த குற்றச்சாட்டு, அவர் ஜப்பானில் ஒரு "தேச விரோத அமைப்பின்" தலைவராக இருந்தார் என்பது. எந்த நடவடிக்கைக்காக வழக்கு வராது என்று 1973-ல் டோக்கியோ நம்பியதோ, அதை வைத்தே தூக்குத் தண்டனை. அந்த அமைப்பு முறைப்படி தொடங்கப்பட்டதும் 1973 ஆகஸ்டில், அதாவது அவர் கடத்தப்பட்ட அதே மாதம்.

ஜப்பான் கவலை தெரிவித்தது. கையில் பிடிமானம் எதுவும் மிச்சம் இல்லை, ஏழு வருடம் முன்பே எல்லாவற்றையும் கொடுத்து முடித்துவிட்டது. 1981 ஜனவரியில் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. அதில் பெரிய பங்கு அமெரிக்காவின் அழுத்தத்துக்கு. 1982 டிசம்பரில் அவர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார்.

ஜப்பான் ஏன் அப்படி நடந்துகொண்டது? பணத்தாசை, கோழைத்தனம்னு ஒரே வரியில முடிச்சுடலாம். எனக்கு அது நியாயமாப் படல. 1910 முதல் 1945 வரை கொரியாவை அடிமைப்படுத்தி ஆண்ட நாடு ஜப்பான். அந்த நாடு எழுந்து "எங்கள் இறையாண்மையை மீறிவிட்டாய்" என்று கொரியாவிடம் பேசுவது சங்கடமான விஷயம். இன்னொன்று, 1974 ஆகஸ்டில் பார்க்கைக் கொல்லப் பாய்ந்த ஓர் இளைஞர் சுட்டதில் பார்க்கின் மனைவி இறந்தார். அந்த இளைஞர் ஜப்பானில் வளர்ந்த கொரியர், துப்பாக்கி ஒசாகாவில் போலீஸிடமிருந்து திருடப்பட்டது. இப்போது குற்றவாளிக் கூண்டில் ஜப்பான். அதோடு, இசாங் யுன் ஓர் இசையமைப்பாளர், அவரை விட்டுக்கொடுக்க பார்க்கால் முடிந்தது. கிம் டே ஜங் தன்னைத் தேர்தலில் தோற்கடிக்கக்கூடிய ஆள். அவரை விடுவது பார்க்குக்கு ரொம்பக் கஷ்டம்.

இத்தனையும் உண்மை. ஆனாலும் ஒரு வித்தியாசம் மிச்சம் இருக்கு. ஜெர்மனியின் பேரத்தில் முதல் வரி ஆட்களின் பெயர்ப் பட்டியல். ஜப்பானின் பேரத்தில் முதல் வரி ஜப்பானின் கௌரவம். இறையாண்மை மீறப்பட்டது, அதற்கு வருத்தம் கிடைத்தது, கணக்கு தீர்ந்தது. அந்தக் கணக்கில் கிம் டே ஜங் ஒரு நிபந்தனையாக இருந்தார், அதை நிறைவேற்றினார்களா என்று சரிபார்க்கவோ, மீறினால் தண்டிக்கவோ எந்த ஏற்பாடும் இல்லை.

லண்டன்: பெட்டியைத் திறந்த அதிகாரி

இப்போ கொரியாவை விட்டு வெளியே வருவோம். இதுவரை பேசினது கடத்தல் முடிஞ்ச பிறகு நடந்த பேரம். கடத்தல் நடந்துகொண்டிருக்கும்போதே என்ன செய்ய முடியும் என்பதற்கு 1984 லண்டன் நல்ல உதாரணம்.

உமாரு டிக்கோ நைஜீரியாவின் முன்னாள் போக்குவரத்து அமைச்சர். 1983 கடைசி நாளில் நடந்த ராணுவப் புரட்சிக்குப் பிறகு லண்டனுக்கு ஓடிவந்தவர். பெரிய ஊழல்வாதி என்று புது அரசு அவரைத் தேடியது. 1984 ஜூலை 5 மதியம், வீட்டுக்கு வெளியே அவரை வேனில் தள்ளிக் கொண்டுபோனார்கள். அவருடைய செயலாளர் ஜன்னல் வழியாகப் பார்த்து உடனே போலீஸுக்குச் சொன்னார். விமான நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும் எச்சரிக்கை போனது.

அன்று சாயங்காலம் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் நைஜீரிய சரக்கு விமானத்தில் ஏற்ற இரண்டு மரப்பெட்டிகள் வந்தன. தூதரகச் சரக்கு, திறக்கக் கூடாது என்றார்கள். 1961 வியன்னா ஒப்பந்தப்படி தூதரகப் பையைத் திறக்கக் கூடாதுதான். ஆனால் அதே ஒப்பந்தம், அந்தப் பைக்கு வெளியே தெளிவான அடையாளம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தப் பெட்டிகளில் அது இல்லை. இளம் சுங்க அதிகாரி ஒருவர் அதைக் கவனித்தார், மேலே கேட்டார், தூதரக ஆளை வைத்துக்கொண்டே பெட்டிகள் திறக்கப்பட்டன. ஒன்றில் மயங்கிய நிலையில் டிக்கோ, தொண்டையில் சுவாசக் குழாய், பக்கத்தில் அவரைச் சாகாமல் பார்த்துக்கொள்ள ஒரு மயக்க மருத்துவர். இன்னொன்றில் மேலும் இருவர்.

நான்கு பேருக்கு 10 முதல் 14 ஆண்டு வரை தண்டனை கிடைத்தது. மூன்று பேர் இஸ்ரேலியர்கள், ஒருவர் நைஜீரியர். நைஜீரியத் தூதரகத்தைச் சேர்ந்த இருவர் வெளியேற்றப்பட்டார்கள். உறவு சுமார் இரண்டு வருடம் கெட்டுக் கிடந்தது. நைஜீரியா எண்ணெய் நாடு, பிரிட்டனுக்கு முக்கியமான சந்தை. இருந்தாலும் வழக்கு நடந்தது.

டிக்கோ நல்லவரா? அவர் மேல் இருந்த ஊழல் புகார்கள் சின்னது இல்ல. பிரிட்டன் அந்தக் கேள்வியை வேறு இடத்தில் வைத்தது. அவரை ஒப்படைக்க வேண்டுமா என்பதற்குச் சட்டவழி இருக்கு, நைஜீரியா அந்த வழியில் கேட்கட்டும். கேட்டார்கள், பிரிட்டன் மறுத்தது. பெட்டியில் அடைத்துக் கொண்டுபோவதற்கும் அந்தக் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை.

மறுபடி பெர்லின்

இவ்வளவு சொன்ன பிறகு, என் வாதத்துக்கு எதிரா இருக்கிற ஒரு சம்பவத்தையும் சொல்லணும். 2017 ஜூலை 23. பெர்லினின் டியர்கார்டன் பூங்கா. டிரின் ஷுவான் தான்ஹ் என்ற வியட்நாம் முன்னாள் அரசு நிறுவன அதிகாரி, தஞ்சம் கேட்டு ஜெர்மனியில் இருந்தவர், பட்டப்பகலில் ஒரு வேனில் இழுத்துப் போடப்பட்டார். ஆகஸ்ட் ஆரம்பத்தில் வியட்நாம் தொலைக்காட்சியில் தோன்றினார். தானே வந்து சரணடைந்தார் என்றது வியட்நாம்.

ஜெர்மனி அவரைத் திருப்பி அனுப்பச் சொன்னது. இரண்டு தூதரக அதிகாரிகளை வெளியேற்றியது. வியட்நாமோடு இருந்த மூலோபாயக் கூட்டுறவை நிறுத்திவைத்தது. கடத்தலுக்கு உதவிய ஒருவருக்கு 2018-ல் பெர்லின் நீதிமன்றம் சிறைத் தண்டனை கொடுத்தது, இன்னொருவருக்கு 2023-ல். டிரின் திரும்பி வரவில்லை. 2018-ல் அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் வியட்நாமுக்கும் இடையிலான வர்த்தக ஒப்பந்தம் 2020 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே சரியாகக் கேட்டாலும் ஆள் வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 1967-ல் ஏழை நாடாக இருந்த தென் கொரியாவிடம் ஜெர்மனிக்கு இருந்த பிடி, இந்தக் கால வியட்நாமிடம் இல்லை.

ஆனா ஒண்ணு கிடைச்சது. யார் வண்டி ஓட்டினார்கள், எந்த ஹோட்டலில் தங்கினார்கள், எப்படி நாட்டை விட்டு வெளியே கொண்டுபோனார்கள் என்பதெல்லாம் நீதிமன்றப் பதிவில் ஏறியது. இந்தியப் பெருங்கடலுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ எந்த அரசு "அவரே விமானம் ஏறி வந்தார்" என்று சொன்னாலும், பெர்லின் தீர்ப்பு வேறு கதை சொல்கிறது.

அப்போ என்ன செய்யணும்?

இந்தச் சம்பவங்களை வச்சு நான் வந்து சேர்ந்த இடம் இது.

முதல் 24 மணி நேரம் போலீஸுக்கும் சுங்கத்துறைக்கும் சொந்தம். டிக்கோவைக் காப்பாற்றியது வெளியுறவு அமைச்சரின் அறிக்கை கிடையாது. ஜன்னலில் பார்த்த ஒரு பெண்ணின் போன் கால், அதை நம்பிய போலீஸ், விதியை முழுசாகத் தெரிந்து வைத்திருந்த ஒரு அதிகாரி. ஆபத்தில் இருக்கும் அகதி "என்னைப் பின்தொடர்கிறார்கள்" என்று சொன்னால் அந்தப் புகாரை எடுத்துக்கொள்ளப் பழகிய காவல் நிலையம்தான் முதல் தேவை.

அடுத்தது, ஆள் கை மாறிவிட்டால், கோரிக்கையின் முதல் வரியும் கடைசி வரியும் ஒன்றாகவே இருக்கணும்: ஆளைத் திருப்பி அனுப்பு. மன்னிப்பு, வருத்தம், விளக்கம் எதையும் அதற்குப் பதிலாக வாங்கிக்கொள்ளக் கூடாது. எதிர் அரசு தன் மக்கள் முன்னால் என்ன கதை சொல்லிக்கொண்டாலும் பரவாயில்லை.

மூன்றாவது, குற்ற வழக்கைப் பேரத்தில் சேர்க்கக் கூடாது. 1975-ல் ஜப்பான் அதைத்தான் செய்தது. இத்தாலியில் நேர்மாறாக நடந்தது. 2003-ல் மிலான் நகரில் தஞ்சம் பெற்றிருந்த ஓர் எகிப்திய மதபோதகரை அமெரிக்க உளவுத்துறை தூக்கி எகிப்துக்கு அனுப்பியது. இத்தாலிய அரசுக்கு நட்பு நாட்டோடு மோத விருப்பமே இல்லை. ஆனாலும் மிலான் வழக்கறிஞர்கள் விடவில்லை. 2009-ல் 23 அமெரிக்கர்கள் நேரில் இல்லாமலே தண்டிக்கப்பட்டார்கள். யாரும் சிறைக்குப் போகாத தீர்ப்பு என்று சிலர் சிரிக்கலாம். செய்தது ஜனநாயக நாடா சர்வாதிகார நாடா என்று பார்க்காத ஒரு சட்டம் இருந்தால்தான், அடுத்த முறை ஒரு சர்வாதிகாரியிடம் அதே சட்டத்தைக் காட்ட முடியும்.

இதுக்கு எதிரா ஒரு நல்ல கேள்வி இருக்கு. ஒரு ஆளுக்காக உதவியை நிறுத்தினா, அந்த நாட்டு ஏழை ஜனங்கதானே கஷ்டப்படுவாங்க? நியாயமான கவலைதான். ஆனால் 1967-ல் பான் கொரியச் சுரங்கத் தொழிலாளர்களையும் நர்ஸ்களையும் ஊருக்கு விரட்டவில்லை. பார்க் அரசு எதை எதிர்பார்த்துக் காத்திருந்ததோ அதை மட்டும் பேச்சுக்கு இழுத்தது. வலி யாருக்குப் போய்ச் சேருகிறது என்று பார்த்துத்தான் எதையும் நிறுத்த வேண்டும்.

கிம் டே ஜங் 1997 தேர்தலில் ஜெயித்து அடுத்த வருடம் தென் கொரிய அதிபரானார். 2000-ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கினார். இசாங் யுன் ஜெர்மன் குடியுரிமை பெற்று 1995-ல் பெர்லினில் இறந்தார். விடுதலைக்குப் பிறகு உயிரோடு தென் கொரியாவுக்குத் திரும்பவே இல்லை. 2018-ல்தான் அவருடைய எச்சங்கள் அவர் வளர்ந்த டோங்யோங் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

2007-ல் உளவுத்துறையின் உண்மை கண்டறியும் குழு, கிம் டே ஜங்கைக் கடத்தச் சொன்னது அன்றைய கே.சி.ஐ.ஏ. தலைவர் லீ ஹு ராக் என்றும், பார்க் குறைந்தபட்சம் மறைமுகமாக அதற்குச் சம்மதித்திருக்கிறார் என்றும் அறிவித்தது. 34 வருடம் கழித்து வந்த உண்மை. அதன் பிறகு தென் கொரிய அரசு ஜப்பான் அரசிடம் வருத்தம் தெரிவித்தது. கப்பலில் கட்டிப் போடப்பட்ட மனிதர் அப்போது 80 வயதைத் தாண்டி, சியோலில்தான் உயிரோடு இருந்தார்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.